காலுக்கு வெளிச்சம் பிடிக்கும் முன்

தலவாக்கலை,
செவ்வாய்க்கிழமை.

மகன் ஜெரோம்,

உன் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பார்சலைத் திறக்கவில்லை. உனக்கு இரண்டு வருடமாக நீரிழிவு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருடமும் எனக்குச் சொல்லவில்லை. மறைப்பதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும், ஆகவே அதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நடக்கும்போது பாதத்துக்குக் கீழே பஞ்சு வைத்தது போல இருக்கிறதாம். கனடாவின் குளிர்தான் காரணமாம். அதனால் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் பதித்த பட்டை ஒன்றை வாங்கி, காலில் சுற்றிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறாயாம். கண்ணுக்குத் தெரியாத கதிர் தோலைத் தாண்டிப் போய் உள்ளே ஆற்றும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதாம். என் முழங்காலுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "நான் அனுப்பிய அந்த லைட் அப்பாவுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்துதான் இதை வாங்கினேன்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அப்போது உனக்கு எழுதியது பொய். அந்த விளக்கு உன் அப்பாவுக்குச் சுகம் கொடுக்கவில்லை. அவர் காலைச் சுட்டது. பிடித்தவள் நான். தேயிலை மலையில் கல் குத்திப் புண்ணாகி, அது புரையோடிக் காலை எடுக்க வேண்டி வந்தது என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். கல்லும் இல்லை, மலையும் இல்லை. நம் வீட்டுப் பின்னறை, அவருடைய சாய்வு நாற்காலி, நீ அனுப்பிய விளக்கு, நான். பத்து வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. கோயிலில் சுவாமியிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட "பொய் சொன்னேன்" என்று சொன்னேனே தவிர, என்ன பொய் என்று சொல்லவில்லை. இப்போது அந்தப் பொய்யை நம்பி நீ உன் காலில் வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். ஆகவே முழுவதையும் வாசி. பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாசி.

உன் அப்பாவுக்கு நீரிழிவு என்று உனக்குத் தெரியும். ஆனால் கால் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும் வழியில் நல்ல மழை. கோயிலுக்குள் நுழைந்து, நடுவழியாக முன்வரிசை வாங்குக்கு நடந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் உன் அப்பாவின் வலது காலில் மட்டும் செருப்பு இருக்கிறது. இடது கால் வெறுங்கால், சேறு அப்பியிருக்கிறது. செருப்பு வழியில் எங்கோ சகதியில் நின்றுவிட்டது, அவருக்குத் தெரியவில்லை. நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். வீட்டுக்கு வந்து, தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பெரிய டீமேக்கராக இருந்த மனிதர் பிச்சைக்காரன் போல ஒற்றைச் செருப்போடு வந்தார் என்று பேசிப் பேசி அவரைக் கொன்றேன். "காலு வெறைச்சுப் போச்சு டீச்சரம்மா, என்ன குளிரு பாத்தியா" என்றார். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். நம் மலையில் எல்லோருடைய காலும் விறைக்கிறது. மார்கழி, தை மாதக் காலையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்களைக் கேள், முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை என்பார்கள். விறைத்த காலுக்குச் சூடு காட்ட வேண்டும் என்பதைப் பால்குடியிலிருந்து நாம் கற்றிருக்கிறோம். அதனால்தான் ஒரு மனிதனின் கால் நோயில் மரத்துப்போவதைக் குளிரில் விறைப்பது என்று நினைத்து ஒரு வருடத்தைக் கழித்தோம். இப்போது நீயும் அதையே எழுதுகிறாய். அங்கே குளிர், அதனால் என்று. ஜெரோம், வீட்டுக்குள் சூடு போட்டிருக்கிறாய், கம்பளிக் காலுறை போட்டிருக்கிறாய், அப்புறமும் உன் கால் பஞ்சாக இருக்கிறது என்றால் அதற்குக் கனடா பொறுப்பில்லை.

அந்த மாதங்களில்தான் உன் விளக்கு வந்தது. நீ போய் ஏழு வருடம் ஆகியிருந்தது. உன் காகிதங்கள் சரியாகவில்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு காரணமும் ஒரு பார்சலும் வரும். காரணங்களை நான் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் உனக்குப் பதிலாகத்தான் அந்த விளக்கு வந்தது என்பதை மறக்காதே. அதனால்தான் அதை அவர் அப்படிக் கொண்டாடினார். தாங்கியில் பொருத்திய பெரிய சிவப்புக் குமிழ். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "மகன் அனுப்பினது" என்று எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். முப்பது வருடம் பெக்டரியில் ட்ரையர் பக்கத்தில் நின்ற மனிதர். காய்ந்து வரும் தேயிலையில் கையை வைத்தே சூடு கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார், வெப்பமானி அப்புறம்தான் ஆமோதிக்கும். விளக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்து, "நல்ல சூடு. நம்ம பய நல்ல சாமானாத்தான் அனுப்பியிருக்கான்" என்றார். கை சொன்னதை நாங்கள் கேட்டிருந்தால் போதும். அந்தக் கையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

விளக்கோடு ஒரு சின்னப் புத்தகம் வந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். பதினெட்டு அங்குல தூரம், பதினைந்து நிமிடம் என்றிருந்தது. உன் பள்ளிக்கூட அடிமட்டத்தைத் தேடி எடுத்துத் தூரம் அளந்தேன். மேசைக் கடிகாரத்தை எதிரே வைத்தேன். தோலில் தைலம் பூசியிருக்கக் கூடாது என்றிருந்தது, வெந்நீரால் துடைத்தேன். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்றிருந்தது, கண்ணுக்கு மேல் துவாயைப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில், உணர்ச்சி குறைந்த உடற்பகுதியில் பயன்படுத்தக் கூடாது என்றும் இருந்தது. அதையும் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் இங்கிலீஷ் படித்தவளுக்கு விளங்காமல் போகுமா? ஆனால் அந்த வரி பக்கவாதம் வந்தவர்களுக்கு எழுதியது என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். என் புருஷனுக்கு வெறும் குளிர் அல்லவா.

சவரிமுத்து வந்தது அந்த வாரம்தான். உனக்கு அவனை ஞாபகம் இருக்கும், பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன். தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவனை டாக்டர் ஐயா என்பார்கள். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் என்னிடம் படித்தவன், இங்கிலீஷில் இரண்டு தடவை தவறியவன், கூலித் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். கடைசியாகச் சொன்னதை நான் வெளியே சொன்னதில்லை, மனதில் வைத்திருந்தேன். என் தகப்பனார் கணக்கப்பிள்ளையாக உயர்ந்திராவிட்டால் நானும் லயத்தில்தான் இருந்திருப்பேன் என்பதை மறப்பதற்குத்தான் எனக்கு அவ்வளவு படிப்பு உதவியது. அவன் வாசலிலேயே நின்றான், நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. விளக்கைப் பார்த்தான். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க" என்றான். "ஐயாவுக்கு சீனி இருக்கு. கால்ல தொட்டா தெரியுதான்னு பாக்காம லைட்டு புடிக்காதீங்க. தெரியாத காலுக்கு சூடே காட்டக் கூடாதுங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொஸ்தகத்துல எல்லாம் போட்டிருக்கு சவரிமுத்து. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்" என்றேன். அவன் முகம் சிவந்தது. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனான். 

புத்தகத்தில் இன்னொரு வரி இருந்தது. நோயாளிக்கு இதமான சூடு தெரியும்வரை தூரத்தைச் சரிசெய்யலாம் என்று. இந்த வரிதான் எங்களைக் கெடுத்தது. முதல் மூன்று நாள் பதினெட்டு அங்குலத்தில் வைத்தேன். "என்ன டீச்சரம்மா, லைட்டு வேலை செய்யுதா, இல்ல சும்மா அழகுக்கு செவப்பா இருக்கா?" என்று கேட்டார். பதினைந்து அங்குலம். "ஒண்ணுமே தெரியல." பன்னிரண்டு. நிமிடங்களையும் கூட்டினேன். பத்து அங்குலத்தில் வைத்த நாள், மத்தியானம் மூன்று மணி, வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. முன்னறைக்கு இங்கிலீஷ் பாடத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். "இப்பத்தான் லேசா தெரியிற மாதிரி இருக்கு, இருக்கட்டும்" என்றார். காலில் உணர்ச்சி செத்துப் பல மாதம் ஆகியிருக்கும் என்று பின்னால் டாக்டர் சொன்னார், ஆகவே அது தெரிந்திருக்க முடியாது. மகன் அனுப்பியது வேலை செய்கிறது என்று நினைக்க அவர் ஆசைப்பட்டார், அவ்வளவுதான். நான் போய் ஒரு பாடத்தை முழுவதுமாக நடத்தினேன். திரும்பி வந்தபோது துவாய் முகத்தில் இருந்தபடியே தூங்கியிருந்தார். பெருவிரலுக்குக் கீழே, முட்டையின் மஞ்சள்கரு அளவில் ஒரு கொப்புளம் பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் தொட்டேன். அவர் விழிக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்ததை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இனி நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கால் பிழைத்திருக்கும் என்று ஒருவரும் என்னிடம் உறுதியாகச் சொல்லவில்லை. பிழைத்திருக்காது என்றும் சொல்லவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. போனால் சவரிமுத்துவுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த முதலுதவிப்படி சுத்தமாக, அழகாகக் கட்டுப்போட்டேன், மேலே காலுறை மாட்டினேன். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அவன் பிரஷர் பார்க்க வந்தான். இந்தத் தடவை அவனை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன், அதிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலைப் பார்க்கலாமா என்று கேட்டான். நான் அவனுடைய கோப்பையை எடுத்தேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்து, "காலு நல்லாருக்கு தம்பி. டீச்சர் நல்லா பாத்துக்கிறாங்க" என்றார். என் மானத்துக்காக அந்த மனிதர் தன் காலைக் கொடுத்தார். வலி என்று ஒன்று இருந்திருந்தால் அவரும் அப்படிப் பொய் சொல்லியிருக்க முடியாது. வலிக்கவில்லை, ஜெரோம். அதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. வலிக்காத காலுக்காக யாரும் உதவி கேட்பதில்லை.

பிறகு காய்ச்சல், நாற்றம், வேன் பிடித்து நுவரெலியா, அங்கிருந்து கண்டி. கண்டியில் ஒரு இளம் பெண் டாக்டர். உன் அப்பாவின் காலை எடுப்பதற்கு முந்தின நாள் மற்றக் காலைச் சோதித்தார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தெரிகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். உன் அப்பா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பணிவாக, "இன்னும் தொடவில்லையே, மிஸ்" என்றார். அப்போது பஞ்சு அவருடைய சின்ன விரலில் இருந்தது. நான் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டுப் பஞ்சு. ஒரு நிமிடம். என் வீட்டு அலுமாரியில் ஒரு கட்டுப் பஞ்சு எப்போதும் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து இரண்டாம் நாள் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "லைட்டு சுட்டதை பயலுக்கு எழுதாத. அனுப்பினவன் மனசு ஒடிஞ்சிரும்." அதை நான் காப்பாற்றினேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் எழுதாதே என்றுதான் சொன்னார். விளக்கு சுகமாக இருக்கிறது என்று எழுதச் சொல்லவில்லை. அது என்னுடைய கைவேலை. உன்னைக் காப்பாற்ற அல்ல. நீ ஒருநாள் வந்து என்னைக் கேட்டுவிடுவாய் என்ற பயத்தில். நீயோ வரவில்லை. ஒரு வருடம் கழித்து அவர் போனபோதும் வரவில்லை. நான் பயந்ததெல்லாம் வீண்.

விளக்கை நான் உடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமினா இடுப்புவலிக்கு ஒருதரம் கேட்டாள். இல்லையென்றேன், காரணம் சொல்லவில்லை. டீச்சர் அம்மா கஞ்சம் என்று பேசிக்கொள்கிறார்கள். இன்று இந்த ஊரில் வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டில் எல்லாம் இப்படி ஒரு வெளிச்சம் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை நம் கோயில் இதழுக்குக் கொடுக்கப் பங்குச் சுவாமியிடம் பேசிவிட்டேன். பெயரில்லாமல் போடலாமே என்றார். பெயரில்லாவிட்டாலும் தலவாக்கலையில் எல்லோருக்கும் தெரியும், சுவாமி, தெரியட்டும் என்றேன். சவரிமுத்து வாசிப்பான். வாசிக்க வேண்டும்.

நீ பயன்படுத்துவது எங்கள் குமிழ் போல் சூடானது அல்ல, லேசான வெதுவெதுப்புத்தான் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். உன் இயந்திரம் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி நான் பட்டது போதும். ஆனால் லேசான வெதுவெதுப்பு என்று சொல்வது உன் கை, கால் அல்ல. காலில் சுற்றிக்கொண்டு தூங்கிவிட்டால், அல்லது அதன்மேல் காலை அழுத்தி வைத்துவிட்டால், லேசான சூடும் சேர்ந்து சேர்ந்து என்னவாகும் என்று யார் சொல்வது? முதலில் உன் டாக்டரிடம் போ. கால் பஞ்சாக இருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனைக்கு நடுவில் போகிற போக்கில் சொல்லாமல், காலுறையைக் கழற்றிக் காட்டிச் சொல். இந்த வெளிச்சம் உன் காலுக்கு ஆகுமா என்று கேள். நீ குடிக்கும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லிக் கேள், சில மருந்துகள் தோலை வெளிச்சத்துக்குக் கூசச் செய்யுமாம். ஆகாது என்றால் அந்தப் பட்டையைத் தூக்கி எறி. ஆகும் என்றால், சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதே, தெரியவில்லை என்பதற்காகக் கூட்டாதே, புண்ணின்மேல் வைக்காதே, தைலம் பூசிய தோலில் வைக்காதே, வெளிச்சத்தை உற்றுப் பார்க்காதே. கண்ணுக்குத் தெரியாத கதிருக்குக் கண் சிமிட்டாது. வைக்கும் முன்னும் எடுத்த பின்னும் தோலைப் பார். வைக்காத நாளிலும் பார், உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார். இது சீனியைக் குறைக்காது. கால் செத்ததற்குக் காரணம் சீனி. வெளிச்சத்தைக் காட்டி அதை ஏமாற்ற முடியாது.

கடைசியாக, எனக்கு எழுதக் கஷ்டமான விஷயம். பஞ்சால் தொட்டுப் பார்ப்பதை நீயாகச் செய்ய முடியாது. தொடுகிற கை உன்னுடையதானால், கால் சொல்லாததையும் மனம் சொல்லிவிடும். இன்னொருவர் தொட வேண்டும். அங்கே உன்னோடு இருப்பது வாசுகி. எங்களுக்குச் சொல்லாமல், கோயிலும் இல்லாமல், பதிவு அலுவலகத்தில் நீ கட்டிக்கொண்ட பெண். பதினாலு வருடமாக அவளுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. உன் கடிதங்களில் அவள் பெயர் வரும் இடத்தைத் தாண்டி வாசித்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளும் முதலிலிருந்து வாசிக்கட்டும்.

வாசுகி, இது உனக்கு. அவனை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல். பஞ்சால் பெருவிரல், சின்ன விரல், விரல்களின் அடி, பாதத்தின் நடு, குதிகால், இரண்டு காலிலும் தொடு. இடையிடையே தொடாமலும் கேள். இவன் அப்பனைப் போல, தெரியாததைத் தெரிகிறது என்பான். எந்த இடத்தில் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்று எனக்கு எழுது. அவன் எழுத வேண்டாம். நம் வீட்டு ஆண்கள் வலியைப் பற்றிச் சொல்வதை நான் நம்புவதில்லை, என் சொல்லை நம்ப அவனுக்கும் இனிக் காரணம் இல்லை. மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். ஓர் இடத்தில் தெரியவில்லை என்றாலும் அந்தப் பட்டையை அவன் கைக்கு எட்டாமல் எடுத்து வை. கேட்டால் அத்தை சொன்னாள் என்று சொல்.

உன் கடிதம் வரும்வரை தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா